ஐந்தில் இரண்டு இருக்கட்டும்

எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் ஆறாம் வகுப்பு பி பிரிவின் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சந்துதான் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கி வழிவிட வேண்டிய அகலம். நாங்கள் முதல் மாடி, அவர்களும் முதல் மாடி. காற்று வர வேண்டுமே என்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். பாடம் தானாக வருகிறது. இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் நான் ஆறாம் வகுப்பைப் பன்னிரண்டு தடவை படித்துவிட்டேன். பரீட்சைதான் எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய கண் ஓய்வு பெறவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்னால் சிவப்புப் பேனாவைத் தேடுவார். அவர் தொழிலில் அவருக்குப் பிடிக்காத குறி ஒன்றே ஒன்று உண்டு. தப்பென்று அடித்தது தப்பில்லை என்று பிறகு தெரிந்தால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டுமாம். முப்பத்தொரு வருடத்தில் நாலே தடவை எழுதியிருக்கிறார். நாலும் அவருக்குத் தேதியோடு ஞாபகம். சொல்லும்போது முகம் சுருங்கிவிடும்.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எனக்குக் கண் கொஞ்சம் மந்தம். எதிர் ஜன்னலில் நடப்பதை அவர் பார்த்துச் சொல்ல, நான் கேட்டுச் சொல்ல, இரண்டும் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் ஒரு முழு விஷயம் கிடைக்கும்.

பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்துப் புதுக் கணக்கு டீச்சர் வந்தார். முன்பிருந்தவர் பிரசவ விடுப்பில் போய், அப்படியே வேலையையும் விட்டுவிட்டார். புதியவர் தற்காலிகம்தான்; ஒரு பருவம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லி எடுத்திருந்தார்கள். ஒல்லியான பெண். இரண்டு பஸ் மாறி, இரண்டு பையோடு வருவார். ஒரு பையில் நோட்டுகள். இன்னொரு பையில் சீவின பென்சில்கள், ரப்பர், அழுகிற பிள்ளைக்கு ஒரு கைக்குட்டை, காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். எழுந்து போகும்போது அந்த இடத்தில் இரண்டு பிஸ்கட் இருக்கும். இது எங்கள் வீட்டுக்காரர் கண்டுபிடித்தது.

இதற்கு முன் இரண்டு பள்ளியில் வேலை பார்த்து, இரண்டிலும் நிறுத்திவிட்டதாகக் கேள்வி. காரணம் ஒன்றேதான்: போர்ஷன் முடிக்கவில்லை. மூன்றாவது இடத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாலாவது இடத்தில் கதவைத் திறக்கவே மாட்டார்கள். இதையெல்லாம் நானாகப் போய் விசாரிக்கவில்லை. அதே பஸ்ஸில் வருகிற பாட்டு டீச்சரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். மூன்று நாள் பேச வேண்டியிருந்தது.

வந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் டீச்சர். யார் என்ன பதில் சொன்னாலும் அவர் "அப்புறம்?" என்பார். சரியான பதிலுக்கும் அதே அப்புறம், தப்பான பதிலுக்கும் அதே அப்புறம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் முகமும் ஒரே முகம். ஒரு பையன் எழுந்து "பன்னிரண்டு" என்றான். அப்புறம்? "பதிமூணு." அப்புறம்? அவன் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, "இல்ல டீச்சர், மொதல்ல சொன்னதே சரி" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டார். அவன் சொன்னான். சொல்லி முடித்து, வழக்கில் ஜெயித்தவன் மாதிரி உட்கார்ந்தான். அந்த ஒரு கணக்குக்குப் பதினெட்டு நிமிஷம் ஆனது. நான் அடுப்பைப் பார்க்கவில்லை.

இப்படியே மூன்று மாதம் போன பிறகு என் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போனேன். இந்தக் கதையில் நடந்த கோளாறுக்கெல்லாம் அந்தப் பத்து நாள்தான் காரணம். வீட்டில் கண் இருந்தது, காது இல்லை.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. என்னங்க என்று கேட்டேன். கையை நீட்டினார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எதிர் வகுப்புக் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம். கட்டத்துக்குள்ளே:

1/2 + 1/3 = 2/5

"மூணு நாளா இருக்கு" என்றார். அந்த டீச்சர் பலகையை முழுக்க அழிக்கிறாராம், அந்த மூலைக்கு வந்ததும் கை விலகிப் போகிறதாம். பக்கத்தில் வேறு கணக்கெல்லாம் வந்து போகிறது, இது மட்டும் அசையவில்லை. கட்டம் வேறு கட்டியிருக்கிறது. "கட்டம் கட்டினா முக்கியம்னு அர்த்தம். முப்பத்தி நாலு பிள்ளைங்க தெனமும் இதப் பாத்துட்டு வீட்டுக்குப் போகுது."

எனக்குக் கணக்கு சுமார். ஆனால் மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்படிச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினார். தலைமையாசிரியர் அவர்களுக்கு. ஆறாம் வகுப்பு, பி பிரிவு, கரும்பலகை, வலது மேல் மூலை, வரி ஒன்று. பிழை: ஐந்தில் இரண்டு. திருத்தம்: ஆறில் ஐந்து. இப்படிக்கு, அக்கறையுள்ள அண்டை வீட்டார். கீழே தன் பெயர், முகவரி, எழுத்துப்பிழை இல்லாமல்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கீழ்வீட்டு லாண்டரிக்காரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அதுவும், டீச்சருக்கே கணக்கு வராது போலிருக்கிறது என்று ஒரு சந்தேகமாகத்தான் சொன்னேன். அந்தக் கடைக்குத் துணி போடாத வீடு இந்தத் தெருவில் இல்லை. துணி போகிற எல்லா வீட்டுக்கும் விஷயமும் மடித்துப் போனது. போகப் போகச் சந்தேகம் கழன்றுபோய், கணக்கு வராது என்பது மட்டும் மொடமொடப்பாக நின்றது. பள்ளியின் தாளாளர் வீட்டுச் சட்டையும் அந்தக் கடையில்தான் இஸ்திரி ஆகிறது.

இரண்டு வாரம் போனது. கட்டம் அப்படியே இருந்தது. பெற்றோர் நாலைந்து பேர் பள்ளி வாசலில் நின்று தலைமையாசிரியரிடம் பேசினார்கள். வெள்ளிக்கிழமை தாளாளரே வகுப்புக்கு வந்து பார்ப்பார், அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும் என்று பாட்டு டீச்சர் சொன்னார். முடிவு என்ன என்று அவர் சொல்லவில்லை. வேறு ஒரு கணக்கு டீச்சரை ஏற்கெனவே வரச் சொல்லிவிட்டார்களாம் என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் லாண்டரிக்காரம்மாவின் மகள் இஸ்திரி போட்ட துணியைக் கொண்டுவந்தாள். ஆறாம் வகுப்பு பி பிரிவுதான். வகுப்பில் அவளுக்கு 'மியூட்' என்று பெயர். வீட்டில் ஓயாமல் பேசுகிற வாய், பள்ளி கேட்டைத் தாண்டினதும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள்.

எங்கள் வீட்டுக்காரர் சட்டையை வாங்கிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, உங்க டீச்சர் அந்தத் தப்ப ஏன் இன்னும் அழிக்கல?"

"அது அவங்க தப்பு இல்ல அங்கிள்" என்றாள் அவள். "என்னோடது."

அவர் காதைக் காட்டினார். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். "அது நான் போட்ட கணக்கு."

பிறகு அவள் சொன்னதைத்தான் நான் தங்கை வீட்டிலிருந்தபோது தவறவிட்டிருக்கிறேன். அந்தப் பத்து நாளில் வகுப்பில் புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சும்மா கவனக்குறைவில் வருகிற தப்பை அழித்துவிடுவார்களாம். யோசித்துப் போட்டுத் தப்பாகிற கணக்கைக் கட்டம் கட்டி வைப்பார்களாம். போட்டவர்தான் அழிக்க வேண்டும். அதுவும் ஏன் தப்பு என்று தனக்கே தெரிந்த பிறகு. மற்றவர் கணக்கெல்லாம் ஒரு நாள், இரண்டு நாளில் அழிந்துவிட்டது. அவளுடையது மட்டும் நிற்கிறது. அந்தக் கணக்கு வந்த அன்றைக்கு டீச்சர் யாரையும் கூப்பிடாமல் சாக்பீஸை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாராம். ரொம்ப நேரம் யாரும் எழவில்லை. இவள் எழுந்து போய் எழுதினாள். வாயால் சொல்லவில்லை, எழுதினாள். எங்கள் வீட்டுக்காரர் அந்த நேரம் மத்தியானத் தூக்கத்தில் இருந்திருக்கிறார். டீச்சர் பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்று கேட்டார். இவள் ஓடிவந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தெனமும் போகும்போது என்கிட்ட வந்து மெதுவா ஒரே கேள்விதான் கேக்கறாங்க. உன் பதில் பாதியவிடப் பெருசா, சின்னதான்னு. நான் பதில் சொல்ற வரைக்கும் அவங்க அழிக்க மாட்டாங்க."

"உங்கம்மாகிட்ட சொன்னியா?" என்றேன் நான்.

"எப்படி ஆன்ட்டி சொல்றது? கடைக்கு வர எல்லார்கிட்டயும் எங்கம்மா அந்தக் கணக்கப் பத்தித்தான் பேசறாங்க."

துணியை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அச்சுப் பிழையில் இரண்டு வகை உண்டு என்று ஒரு காலத்தில் எனக்கு விளக்கியிருக்கிறார். அச்சுக் கோப்பவர் செய்கிற பிழை, எழுதினவர் செய்கிற பிழை. எது யாருடையது என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாதாம். அதை நான் அப்போது ஞாபகப்படுத்தவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதுதான் ஞாபகப்படுத்தினேன்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பள்ளி அலுவலகத்தில் நின்றார். கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, வரவு எண் போட்டாகிவிட்டது, எண் போட்ட கடிதத்தைத் திருப்பித் தருவதற்கு வழி இல்லை என்றாராம். வேண்டுமானால் இன்னொரு கடிதம் கொடுங்கள், அதற்கும் எண் போடுகிறேன் என்றாராம். இவர் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். எண் போட்டார்கள். திங்கட்கிழமை தலைமையாசிரியர் மேஜைக்குப் போகும் என்றார்கள்.

பத்தேகாலுக்குத் தாளாளர் வகுப்புக்குள் வந்தார். மரக்கடை வைத்திருப்பவர், கனத்த ஆள். சட்டை, பேன்ட், பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கைக்குட்டை எல்லாம் கத்தி மாதிரி மடிப்பு. பின்னால் தலைமையாசிரியர். அவர் சரித்திரம் படித்தவர். பலகையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். நான் காய் நறுக்குகிற சாக்கில் ஜன்னலோரம் நின்றேன். எங்கள் வீட்டுக்காரருக்குச் சாக்கு எதுவும் இல்லை, சும்மா நின்றார். அவர் காதோரம் ஒவ்வொரு வாக்கியமாக நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தாளாளர் நேராகக் கட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். "இதானா அது?" என்றார். டீச்சர் ஆமாம் என்றார்.

"மொதல்ல இத அழிங்க. அப்புறம்தான் உங்க வேலையப் பத்திப் பேச்சு."

டீச்சர் டஸ்டரை எடுக்கவில்லை. கை இரண்டும் புடவை முந்தானையைப் பிடித்திருந்தன என்று எங்கள் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். எனக்கு அது தெரியவில்லை, குரல்தான் கேட்டது. குரல் நடுங்கவில்லை. "போட்டவங்கதான் சார் அழிக்கணும். இந்த கிளாஸ்ல அதான் வழக்கம்."

"போட்டது யாரு?"

டீச்சர் சொல்லவில்லை. முப்பத்திமூன்று பிள்ளைகளும் சொல்லவில்லை. ஒருத்தர்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பன்னிரண்டு வருடமாக இந்த வகுப்பைப் பார்க்கிறேன். ஒருவன் ரப்பர் கீழே விழுந்தால் யார் தள்ளிவிட்டது என்று ஏழு பேர் எழுந்து சொல்கிற வகுப்பு.

மூன்றாவது பெஞ்சில் லாண்டரிக்காரம்மா மகள் எழுந்து நின்றாள். அவள் எழுந்ததைப் பார்த்துத் தலைமையாசிரியரே கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

"நான்" என்றாள். ஆறு வருடத்தில் அந்தப் பள்ளிக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அது. நான் அப்படியே எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"தப்புன்னு தெரியுதா உனக்கு?" என்றார் தாளாளர்.

"தெரியுது. அஞ்சுல ரெண்டு பாதியவிடச் சின்னது. பாதியோட இன்னும் கொஞ்சம் சேத்தா பாதியவிடக் கொறையாது."

அதையும் சொன்னேன். அவள் நிறுத்திவிட்டாள். வாய் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சந்தில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. நான் எதையோ சொல்லாமல் விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தத்தில் என்னிடம் கேட்டார்.

"அப்புறம்?"

வகுப்பு மொத்தமும் எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியது. நான் குனிந்துகொண்டேன். கத்தரிக்காய் ஒன்று சந்தில் விழுந்தது. அவர் குனியவில்லை, என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியாது.

கீழே உட்கார்ந்தபடி கேட்டேன். முதலில் ஒரு சிரிப்பு, டீச்சருடையது. நான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கேட்டேன். அப்புறம் அந்தப் பெண்ணின் குரல், இப்போது வீட்டில் பேசுகிற அதே குரல்.

"சார், உங்க கர்ச்சீஃபக் கொஞ்சம் தர்றீங்களா?"

நான் எழுந்துவிட்டேன். சந்தில் விழுந்த காய்க்கு வெட்கப்பட்டுக்கொண்டு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

தாளாளர் என்ன செய்வதென்று தெரியாமல் கொடுத்துவிட்டார். அவள் அதைப் பலகையின் மேல் விரித்துப் பிடித்தாள். "இது நாங்க மடிச்சது. எங்கம்மா நீளவாக்குல மூணா மடிப்பாங்க, அப்புறம் குறுக்க பாதியா மடிப்பாங்க. இஸ்திரிக் கோடு பாருங்க. ஆறு கட்டம்." விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "பாதின்னா மூணு கட்டம். மூணுல ஒண்ணுன்னா ரெண்டு கட்டம். மொத்தம் அஞ்சு. ஆறுல அஞ்சு."

கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டத்துக்குப் பக்கத்தில் 5/6 என்று எழுதினாள். எங்கள் வீட்டுக்காரர் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

தாளாளர் கைக்குட்டையை விரித்து, தானும் ஒரு தடவை எண்ணினார். ஆறும் இருந்தன. முகத்தைத் துடைத்துக்கொள்ளப் போனவர், மடிப்பு கலைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே பையில் வைத்துக்கொண்டார். தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் மறுபடி கூரைக்குப் போயிருந்தார்.

"சரி" என்றார் தாளாளர். பெரிய மனுஷர் உடனே இறங்கி வந்ததாக இருக்கக் கூடாது அல்லவா, அதற்காக ஒரு நிபந்தனை போட்டார். "இந்தப் பொண்ணு அத அழிக்கற வரைக்கும் நீங்க இருங்க. அழிச்சதும் பேசிக்கலாம்."

அடுத்த நிமிஷம் அழித்துவிடுவாள், மத்தியானம் உட்கார்ந்து பேசலாம் என்று அவர் நினைத்திருப்பார். அவளும் அதற்குள் டஸ்டரைக் கையில் எடுத்திருந்தாள். அவள் அதைப் பார்த்தாள், தாளாளரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். டஸ்டரை மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. வரச் சொல்லியிருந்த வேறு டீச்சருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தாளாளர் சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை விடவும் மனசில்லை. நியமன உத்தரவில் 'மேற்படி கணக்கு அழிக்கப்படும் வரை' என்றே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். போர்ஷன் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. ஆனால் மணி அடித்தால் ஆறு பி பிள்ளைகள் எழுந்து ஓடுவதில்லை. இன்னும் ஒரு கணக்கு, டீச்சர் என்று கெஞ்சுகிறார்கள். பன்னிரண்டு வருடத்தில் நான் கேட்காத சத்தம்.

சாக்பீஸ் மங்கினால் அந்தப் பெண்ணே அதன் மேல் மறுபடி எழுதிவிடுகிறாள். அது நியாயமா என்று ஒரு நாள் எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. அது மறுபதிப்பு, புதிய பதிப்பு இல்லை என்று எங்கள் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். லாண்டரிக்காரம்மா இப்போது கடைக்கு வருகிறவர்களிடம், அந்த டீச்சரைப் பத்தி யாரோ என்னென்னமோ கிளப்பிவிட்டாங்க, நான் அன்னைக்கே நம்பல என்று சொல்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன்.

முழு ஆண்டு விடுமுறை விட்டதும் பெயின்டர் வந்தார். ஒவ்வொரு வகுப்பாகப் பலகைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டே வந்து, செவ்வாய்க்கிழமை எதிர் வகுப்புக்குள் நுழைந்தார். இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். உள்ளே பிள்ளைகளும் இல்லை, டீச்சரும் இல்லை. நான் எங்கள் வீட்டுக்காரரை எழுப்புவதற்குள் பிரஷ் நடுப்பலகைக்கு வந்துவிட்டது.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்த மூலைய விட்டுடு."

பெயின்டர் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் கட்டத்தைப் பார்த்தார். விரலால் கணக்குப் போட்டார். "சார், இது தப்பால்ல இருக்கு?"

"தெரியும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "இருக்கட்டும்."

பெயின்டர் தோளைக் குலுக்கிவிட்டு, மூலையைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் கடைக்குப் போய் வருகிறேன் என்று இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். விரல் நுனியெல்லாம் வெள்ளை. மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எதிர் ஜன்னலைப் பார்த்தேன். புதுக் கறுப்புக்கு நடுவே பழைய கட்டம் அப்படியே இருந்தது. ஐந்தில் இரண்டுக்கு அடியில், வரிசையாக, ஐந்து புள்ளி.